சம்மதம்தானே

பன்னிரண்டாவது பேப்பர். இதையும் சேர்த்து மத்தியான மணிக்குள் இன்னும் நான்கு. காலையில் பதினைந்து, மத்தியானம் பதினைந்து என்று கட்டி வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள், விடைத்தாள் திருத்தும் முகாமில் எல்லாமே அளவுதான். எனக்குத் தண்ணீரும் அளவுதான், ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், அதற்கு மேல் ஒரு வாய் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மேஜைமேல் அரை லிட்டர் பாட்டில் நிற்கிறது, மணி பதினொன்றரை, இதுவரை மூன்று மடக்கு குடித்திருக்கிறேன். ஏப்ரல் வெயில் கூரை ஓட்டைத் தாண்டி உச்சந்தலையில் இறங்குகிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, செருப்பு வார் வீங்கின காலில் பதிந்து வலிக்கிறது. பக்கத்து நாற்காலியில் மைதீன் பிச்சை சார் அண்ணாந்து ஒரு முழுப் பாட்டிலைக் கடகடவென்று குடித்துவிட்டு ஏப்பம் விடுகிறார், பாவி மனுசன், தங்கமான மனுசன், அவருக்கு என்ன தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. சுகர் சார், அதான் கொஞ்சம் கால் வீக்கம் என்று சமாளித்து வைத்திருக்கிறேன். எனக்கு சர்வீஸ் இன்னும் மூன்று வருஷம் கிடக்கிறது, இரண்டு கிட்னியும் எனக்கு முன்னால் ரிட்டயர் ஆகிவிட்டன என்று எப்படிச் சொல்வது, அதுகளுக்கு என்ன அவசரமோ. டயாலிசிஸ் வரைக்கும் போகவிடாமல் முன்னாலேயே மாற்று கிட்னி வைத்துவிடலாம் என்றார் மதுரை டாக்டர். வைத்துவிடலாம், உலகம்மை தருகிறாள். என் மனைவி, இருபத்தெட்டு வருஷம். ரத்தம் பொருந்திவிட்டது, ஸ்கேன் எல்லாம் முடிந்துவிட்டது, நாளைக் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக் கமிட்டி முன்னால் அவள் தனியாக உட்கார்ந்து, என் சொந்த விருப்பத்தில்தான் தருகிறேன் என்று சொல்ல வேண்டும், வீடியோ எடுப்பார்கள், அவ்வளவுதான். சொல்லிவிடுவாள். சொல்லிவிடுவாள்தானே.

தானே. இந்தப் புத்தி மனசுக்குள் பேசும்போதுகூடப் போக மாட்டேன் என்கிறது. இந்த இங்கிலீஷ் பேப்பரில் இருபத்தோராவது கேள்வியும் இதுதான், கொஸ்டின் டேக், ஐந்து மார்க். வாக்கியத்தைக் கொடுத்துவிடுவார்கள், கடைசியில் ஒரு சின்னக் கேள்வியை வால் மாதிரி பிள்ளைகள் ஒட்ட வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தின பாடம். ராமு இஸ் எ குட் பாய், இஸ்ன்ட் ஹீ? தலை ஆமாம் என்றால் வால் இல்லை என்னும், தலை இல்லை என்றால் வால் ஆமாம் என்னும், இவ்வளவுதாம்ல விஷயம், இதுல என்னல கஷ்டம்? கஷ்டம்தான். அவன் வந்தால் ஒரு வால், அவள் வந்தால் ஒரு வால், நேற்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. நம் வீட்டில் அப்படியா, எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு ‘ல்ல’, வந்தான்ல்ல, சாப்பிட்டேன்ல்ல, செத்துப்போனார்ல்ல, அது ஆளையும் பார்க்காது காலத்தையும் பார்க்காது. அந்தப் பழக்கத்தில் பிள்ளைகள் எல்லா வாக்கியத்துக்கும் ‘இஸ்ன்ட் இட்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், இந்தா இந்தப் பிள்ளையும் எழுதியிருக்கிறது, ஐந்துக்கும் இஸ்ன்ட் இட், ஐந்தில் ஒன்றுக்கு அது நிஜமாகவே சரி, ஒரு மார்க். இதில் ஒரு சங்கதியை மட்டும் நான் நடத்தியதே இல்லை. அந்த வாலைச் சொல்லும்போது குரல் மேலே ஏறினால் கேட்கிறவனுக்கு உண்மையிலேயே பதில் தெரியாது, கேட்டுத் தெரிந்துகொள்கிறான். குரல் கீழே இறங்கினால் அவனுக்கு எல்லாம் தெரியும், நீ தலையை ஆட்டினால் போதும். புத்தகத்தில் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும். பரீட்சைத் தாளில் குரல் கேட்காது, மார்க் கிடையாது, அதனால் பாடமும் கிடையாது. புரிஞ்சுதுல்ல என்று கேட்பேன், புரிஞ்சுது சார் என்று நாற்பது தொண்டை, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்த ‘ல்ல’வில் என் குரல் ஒரு நாளும் ஏறியது இல்லை.

வீட்டில் மட்டும் ஏறியிருக்கிறதா என்ன. பெண் பார்க்கப் போனபோது அவள் அப்பா, பிள்ளைக்குப் பிடிச்சிருக்குல்லா என்று அவளைப் பார்த்துக் கேட்டார், அவள் குனிந்துகொண்டாள், எல்லோரும் சிரித்தார்கள், எங்கம்மா உடனே பூ வைத்துவிட்டாள். குனிந்தது ஆமாமா, வெட்கமா, கால் மரத்துப்போனதா, யாருக்குத் தெரியும். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தாள், கல்யாணமாகி நாலாவது மாசம் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலைக்கு ஆர்டர் வந்தது, நான் சம்பாதிக்கேன்ல்ல, அது போதும்ல்ல என்றேன். ம் என்றாள். அந்த ஆர்டரை அவள் எங்கே வைத்தாள், கிழித்தாளா. ஒத்தைப் பிள்ளை போதும்ல்ல. ம். அக்ரகாரத்து வீட்டை விட ரயிலடி வீடு காத்தோட்டமா இருக்குல்ல. ம். நல்ல மனுசன் நான், கை ஓங்கினது இல்லை, குடித்தது இல்லை, அவளைக் கேட்காமல் ஒரு காரியம் செய்ததில்லை என்று ஸ்டாஃப் ரூமில் மார்தட்டிக்கொள்வேன், கேட்டுத்தானே செய்தேன், எல்லாவற்றையும் கேட்டேன். போன நவம்பரில் மதுரையில் அந்த டாக்டர், உங்க வீட்டம்மாவுக்கு என்ன குரூப் என்றார், நான் திரும்பி, ஓ பாசிட்டிவ்தான், என்ன என்றேன், ம் என்றாள். அப்போ அவங்களே டோனரா வரலாம், உங்களுக்குச் சம்மதமாம்மா என்றார். அவர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார். நான்தான் முந்திக்கொண்டு, அவ குடுப்பா டாக்டர், உனக்குச் சம்மதம்தானே என்றேன். ம். அந்த ம்மைப் பிடித்துக்கொண்டு ஐந்து மாசம், எத்தனை ஊசி, எத்தனை ஸ்கேன். பிரசவத்தில் வயிற்றைக் கிழித்ததற்குப் பிறகு இந்த இருபத்தாறு வருஷமாக ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவள், காய்ச்சலோ தலைவலியோ சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறவள். ரத்தம் எடுக்கும்போது அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் வெளுத்திருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேப்பர் வாசித்தேன்.

பதிமூன்று முடிந்தது, அறுபத்தொன்று, கூட்டல் சரியா, சரி. எப்சிபா டீச்சர் எங்கள் மேஜைக்குத் தலைமை, கூட்டலில் ஒரு மார்க் தவறினாலும் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் காட்டுவார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை, எனக்கு இன்ஸ்பெக்ஷனே பயம் இல்லை. அதிகாரி வருகிற அன்றைக்கு என் வகுப்பில் ஒரு ஏற்பாடு உண்டு, கேள்வி கேட்டால் எல்லாப் பிள்ளையும் கை தூக்க வேண்டும், பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. நான் வலது கைகளில் ஒன்றைப் பார்த்து எழுப்புவேன். வகுப்பு பிரமாதம் என்று எழுதிவிட்டுப் போவார்கள். இடது கைக்காரர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், அதிகாரி போனபிறகு அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கலாம், சில வருஷம் சொல்லியும் கொடுத்தேன், சில வருஷம் இல்லை. அந்தப் புத்திதான் போன வாரம் என்னை உட்கார வைத்து ஒரு முழுத்தாளில் கேள்வி பதில் எழுத வைத்தது. கமிட்டியில் கேட்கக்கூடியவை, மொத்தம் பத்து. நீங்கள் யாருக்குச் சிறுநீரகம் தருகிறீர்கள், உங்களுக்கு என்ன உறவு, ஆபரேஷனில் உள்ள ஆபத்துகளை டாக்டர் விளக்கினாரா, இப்படி. பதில்களுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு. விடைக்குறிப்பு! பெண்டாட்டியின் விருப்பத்துக்கு நானே விடைக்குறிப்பு எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன், இந்த வேலையை ஒரு வாத்தியானைத் தவிர உலகத்தில் எவனாவது செய்வானா. அவளும் பொட்டாசியம் போகட்டும் என்று எனக்கான காய்கறியை வெந்நீரில் போட்டு வடித்துக்கொண்டே அதைப் பார்த்துப் பார்த்து முணுமுணுக்கிறாள். இன்று காலை இட்லி வைத்துவிட்டு நின்றாள், நான் கேட்கக் கேட்க ஒப்பித்தாள். ஐந்து வரை தண்ணீர்பட்ட பாடு. ஆறாவது, உங்களை யாராவது வற்புறுத்தினார்களா. நின்றுவிட்டாள். நேற்றும் அதில்தான் நின்றாள், முந்தாநாளும். இல்லைன்னு பட்டுன்னு சொல்லணும், யோசிச்சா அவங்க சந்தேகப்படுவாங்கல்ல என்றேன். இல்லை என்றாள் பட்டென்று. வெரிகுட் என்றேன். வெரிகுட் என்றேனே, சட்னியைத் தொட்டுக்கொண்டே.

பதினான்கு. எழுத்து கோணல்மாணல், ஆனால் அடித்தல் திருத்தல் இல்லாத பேப்பர், பிள்ளை நிதானமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறது. இருபத்தொன்று. தே ஆர் பிளேயிங், அதற்குப் பிறகு கோடு, கோட்டின்மேல் ‘யெஸ்’. யூ ஹேவ் ஃபினிஷ்ட் யுவர் ஹோம்வொர்க், கோட்டில் ‘நோ சார் சாரி’. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பிள்ளை வாலை ஒட்டச் சொல்கிறார்கள் என்றே நினைக்கவில்லை, யாரோ தன்னைக் கேட்கிறார்கள், பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறது. ஐந்தாவது வாக்கியம், யுவர் மதர் டஸ்ன்ட் லைக் காபி. கோடு போதாமல் கீழே இறக்கி எழுதியிருக்கிறது, ‘ஐ டோன்ட் நோ சார். ஐ ஆஸ்க் அண்ட் டெல்.’ தெரியவில்லை சார், கேட்டுச் சொல்கிறேன். சிரிப்பு எங்கோ பாதியில் நின்றுபோனது. எப்சிபா டீச்சர் வந்து நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை.

“என்ன காந்தி சார், ஒரே பேப்பர்ல நிக்கீங்க?”

“இதைப் பாருங்க டீச்சர்.”

வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார்கள். “ஐயோ பாவம், எவ்வளவு மரியாத பாருங்க. ஆனா முட்டைதான் சார்.”

“முட்டைதான் டீச்சர்.”

ஐந்துக்குப் பூஜ்யம் போட்டேன், வட்டம் போட்டேன். சட்டம் சட்டம்தான், பாவம் பார்த்து மார்க் போடக் கூடாது. ஆனால் பேனா அடுத்த கேள்விக்குப் போகவில்லை, உலகம்மைக்குக் காபி பிடிக்குமா. காலையில் எனக்குப் போட்டுத் தருகிறாள். அவள் என்ன குடிக்கிறாள், காபிதான், காபியாகத்தான் இருக்கும், இல்லை, பழைய சோற்று நீத்தண்ணி, இல்லை, அது அவள் அம்மா. என் டம்ளர் தெரிகிறது, எவர்சில்வர், விளிம்பில் நெளிசல். அவள் கையில் ஒரு டம்ளரை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன், வரவில்லை, அவள் நிற்பது வருகிறது, கரண்டி வருகிறது, முந்தானையில் கை துடைப்பது வருகிறது. இருபத்தெட்டு வருஷம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, தெரியாவிட்டால் கேட்டுச் சொல்ல வேண்டும் என்று. ஒரு கிட்னியையே வாங்கிக்கொள்ளப் போகிறேன், காபி பிடிக்குமா என்று தெரியவில்லை. சரி, இதற்கு என்ன செய்ய, போய்க் கேட்டால் போயிற்று. காபியையா கேட்கப் போகிறாய் காந்திமதிநாதா? கேட்க வேண்டியது அதுவா?

வேண்டாம். கேட்க வேண்டாம். நாளைக் காலை பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிடும், ஒரே ஒரு நாள், பதினைந்தாவது பேப்பரை எடு. கேட்டு, அவள் மாட்டேன் என்றால்? மாட்டேன் என்று சொல்லத் தெரியுமா அவளுக்கு, தெரிந்துவிட்டால்? வாரம் மூன்று நாள் நான்கு நான்கு மணி நேரம் ரத்தம் டியூபில் சுற்றிச் சுற்றி ஓடும், மேலத்தெரு ஆறுமுகத்தைப் பார்த்தேனே, முகம் கறுத்து, கையில் நரம்பு கயிறு கயிறாகப் புடைத்து, ஒன்றரை வருஷம் இருந்தார். பேர் பதிந்துவைத்துக் காத்திருக்கலாம், யாராவது செத்தால் கிடைக்கும், எத்தனை வருஷம் என்று யாருக்கும் தெரியாது. மகள் நான் தாரேன்ப்பா என்று அழுதாள், கைப்பிள்ளைக்காரி, குரூப்பும் சேரவில்லை. நான் சாகப் பயப்படுகிறேன். இதைச் சொல்ல என்ன வெட்கம், ராத்திரி பகல் இந்தப் பயம்தான், குளிக்கும்போது, பஸ்ஸில், இந்தா இப்போது. அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை. பழக்கம் பழக்கம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேன், மற்றதெல்லாம் பழக்கமாக இருக்கட்டும், இந்த ஒன்று பழக்கம் இல்லை. அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் பத்துக் கேள்வி எழுதினேன், கமிட்டிக்காரர்கள் அவளிடம் நல்ல விதமாக, உண்மையாக ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று. அவள் தலையைத் தூக்கி வேறு பதில் சொல்லிவிடுவாளோ என்று. பதினைந்தாவது பேப்பரில் என்ன திருத்தினேன் என்று தெரியவில்லை, ஐம்பத்தாறை அறுபத்தைந்து என்று எழுதியிருக்கிறேன், எப்சிபா டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் காட்டினார்கள், முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. திருத்திக் கையெழுத்துப் போட்டேன். மணி அடித்தது.

முகாமுக்குள் செல்போன் கூடாது, வாசல் அறையில் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருவார்கள். டோக்கனைக் கொடுத்தேன், வாங்கினேன். எல்லோரும் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு ஓடுகிறார்கள், சாம்பார் வாசனை. சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் நின்றேன். அவள் எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும். எடுத்துவிட்டாள்.

“என்னங்க, மாத்திரை போட்டாச்சா?”

“போடணும். உலகம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“பையில முன் ஜிப்புல பாருங்க, அதுலதான் வச்சேன்.”

“மாத்திரை இல்ல. எனக்குக் கிட்னி குடுக்க உனக்கு இஷ்டமா?”

போனில் வீட்டு மின்விசிறிதான் கேட்கிறது. பிறகு அந்த ஒப்பிக்கிற குரல், என் வகுப்புக் குரல், “நான் என் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்...”

“அது நான் எழுதுனது. நீ சொல்லு. இஷ்டமா, இல்லையா? எனக்குத் தெரியல, அதான் கேக்கேன்.”

“எல்லா டெஸ்ட்டும் முடிஞ்சிட்டு. இப்பப் போயி கேக்கீங்க.”

“முதல்லயே கேட்டிருக்கணும். பயத்துல கேக்கல.”

மறுபடி மின்விசிறி. வெயிலில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். வாயில் ஈரமே இல்லை.

“நான் வேண்டாம்னா நீங்க என்ன செய்வீங்க?”

இதை அவள் மடக்குவதற்காகக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்கிறாள், தெரிந்துகொள்ளக் கேட்கிறாள்.

“டயாலிசிஸ் பண்ணணும். வாரத்துக்கு மூணு நாளு. பேரப் பதிஞ்சு வச்சுட்டுக் காத்திருக்கணும்.”

“எம்மேல கோவம் வருமா?”

வராதுன்னு உனக்குத் தெரியும்ல்ல என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். “வரும்னுதான் தோணுது. கொஞ்ச நாளைக்கு. அதுக்காக நீ தர வேண்டாம்.”

அவள் மூச்சு கேட்டது. “எனக்கும் பயமா இருக்குங்க. அந்தக் கொழாய் மாதிரி மெசினுக்குள்ள படுக்கச் சொன்னாங்கள்லா, எந்திச்சு ஓடிரலாமான்னு இருந்துச்சு. யார்ட்டச் சொல்ல?”

இப்படி நீளமாக அவள் தன்னைப் பற்றிப் பேசிக் கேட்டதே இல்லை, இன்னும் பேசட்டும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“குடுக்கக் கூடாதுன்னு இல்ல,” என்றாள். “குடுக்கணும்னும் நான் யோசிச்சது இல்ல. யோசிக்க எடமே இல்லாமப் போச்சு. சாயங்காலம் வாங்க, சொல்லுதேன். எதுவா இருந்தாலும் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க பேசக் கூடாது.”

“பேசல.”

வைத்துவிட்டாள். அவள் தருகிறேன் என்று சொல்ல வேண்டும் என்று உடம்பு முழுக்கக் கெஞ்சுகிறது, பொய் சொல்வானேன். உள்ளே பொட்டலம் பிரிக்கிறார்கள், மத்தியானக் கட்டு பதினைந்து காத்திருக்கிறது, அதற்கப்புறம் ஆறு மணி பஸ். இந்நேரம் அவள் அடுப்பை அணைத்துவிட்டு எங்காவது உட்கார்ந்திருப்பாள். போய்க் கதவைத் தட்டினால் திறப்பாள், நான் பேசாமல் எதிரில் உட்காருவேன், அவள் பேசத் தொடங்குவாள். என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது.